சுவரில் ஏறிய முகம்

பல்லியண்ணனுக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியைக் கண்டால் அதை ஆட்டிப் பார்ப்பார். எந்தக் கால் கட்டையாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அதன் அடியில் காகிதத்தை மடித்துச் செருகுவார். அது சரியானதும் அடுத்த நாற்காலிக்குப் போய்விடுவார். சாப்பாடும் நின்றபடிதான். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார். "இவர் எனக்குப் புருஷனா, வீட்டைச் சோதனை போட வந்த ஆளான்னு இன்னும் தெரியல" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கட்டிடங்களுக்குச் சாரம் கட்டுவது அவர் தொழில். பல்லி என்பது கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். சுவரோடு ஒட்டிக்கொண்டு அவர் போகிற போக்கில், கீழே நிற்பவர்களுக்குத் தலை எது, கால் எது என்று தெரியாது. பெயர் வந்த கையோடு கிண்டலும் வந்தது. அவர் எதையாவது சொல்லி முடித்தால் போதும், யாராவது நாக்கைத் தட்டி "ச்ச், ச்ச்" என்பார்கள். "பல்லி சொல்லிடுச்சுப்பா, இனிமே நடந்துதான் தீரும்!"

இந்த வேலையை அவருக்கு யாரும் கற்றுத் தரவில்லை. இளவட்டமாகச் செங்கல் சுமக்கப் போன இடத்தில், மதியம் எல்லோரும் நிழலில் சாய்ந்து கிடக்கும்போது, இவர் மட்டும் சாரம் பிரிப்பவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கட்டுகிறவர்களைப் பார்த்து அவ்வளவாகக் கற்றுக்கொள்ள முடியாது, அவர்கள் அவசரக்காரர்கள். பிரிக்கிறவன்தான் யோசித்துக் கை வைப்பான். எந்தக் குழாயை முதலில் எடுக்கிறான், சுவரோடு பிணைத்த எந்தப் பிடியைக் கடைசி வரை தொடாமல் விடுகிறான் என்று கவனித்தால் பாரம் எங்கே நிற்கிறது என்று பிடிபட்டுவிடும். அப்படி நின்று நின்று கற்றதில், இன்றைக்கு அவர் கட்டிய சாரத்தில் எந்தப் பலகையில் ஏறி நின்றாலும் ஒரு முனகல் கேட்காது.

அவரே தனக்கு விதித்துக்கொண்ட சட்டம் ஒன்று உண்டு: ஜன்னலைப் பார்க்கக் கூடாது. மூன்றாம் மாடி உயரத்தில் நிற்கிறவனுக்கு எதிரே இருக்கும் மூன்றாம் மாடி வீடெல்லாம் திறந்த வீடு. "நாம சுவரைப் பார்க்க வந்தவங்க. கண்ணு சுவத்துல இருக்கட்டும்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். அந்தச் சட்டத்தை அவரே மீறியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவருடைய அக்கா, ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாரே தவிர வார்டை விடவில்லை; தெரு முழுவதையும் வார்டாக்கிக்கொண்டார். எங்கெங்கோ போருக்கும் பசிக்கும் தப்பி வந்தவர்கள் பேருந்து நிலையத்தின் தூண்களுக்கு அடியில் படுத்திருக்கத் தொடங்கிய காலத்தில், டயர் கடைக்குப் பின்னால் சும்மா கிடந்த கிடங்கின் சாவியை அதன் சொந்தக்காரரிடம் கேட்டு வாங்கினார். கேட்டு வாங்கினார் என்பது மரியாதைக்குச் சொல்வது. முதலில் போர்வை, பிறகு சூப், பிறகு மொழி வகுப்பு. மொழி வராதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே என்று ஒருநாள் காகிதமும் வண்ணக் குச்சிகளும் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கிடங்குக் கூடம் களைகட்டிவிட்டது. ஒரு பெரியவர் கதவுகளாகவே வரைவார், வேறொன்றும் வரைய மாட்டார். அவரைக் கதவுத் தாத்தா என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். புதன்கிழமை மாலைகளில் தெருக்காரர்களும் தப்பி வந்தவர்களும் கலந்து உட்கார்ந்து வரைவார்கள். ஓவியக் கல்லூரி முடித்த பெண்ணொருத்தி வந்து சொல்லிக் கொடுத்தாள். பல்லியண்ணன் மேசைகளின் ஆட்டத்தைச் சரி பண்ணிக்கொண்டே சுற்றிச் சுற்றி வருவார்.

பெரிய சுவரில் ஓவியம் தீட்டலாம் என்ற யோசனை அந்தப் பெண்ணுடையது. லாண்டரிக்கு மேலே நான்கு மாடிக்கு ஜன்னலே இல்லாமல் மொட்டையாக நிற்கும் பக்கச் சுவர். லாண்டரிக்காரர் சம்மதித்தார். பல்லியண்ணன் தன் முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி, வேறு வேலைக்குப் போகுமுன் குழாய்களைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கினார். கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் ஓவியப் பெண் ஒரு சின்னக் காகிதத்தைத் தூக்கிக் காட்டினாள். உள்ளங்கையளவு. அதில் நிறைய முகங்கள், நடுவில் ஒன்று கொஞ்சம் பெரிதாக.

"நடுவுல இருக்கிற முகம் யாருதுன்னு தெரியுதா?"

லாண்டரியில் படுக்கை விரிப்புகள் மடிக்கிற பெண்ணின் முகம். ஒரு சுருக்கமில்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர அவள் மடிப்பதைப் பார்த்து, தெருவே அவளை மடிப்புத் தங்கச்சி என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடம் போகிற மகளோடு வந்தவள். குறைவாகப் பேசுவாள், பேசினால் சரியாகப் பேசுவாள்.

"உனக்குச் சம்மதந்தானே?" என்றார் அக்கா, கேட்டுக்கொண்டே கைகளைத் தட்டத் தொடங்கிவிட்டார். கூடம் முழுக்கக் கை தட்டியது. வாசலருகே நின்றுகொண்டிருந்த பல்லியண்ணன் விரல்களை வாயில் வைத்து விசிலும் அடித்தார். மடிப்புத் தங்கச்சி சிரித்தாள். சிரிப்பென்றால் சம்மதம்தானே?

சாரம் ஏறியது. வெளியே தெரியாமல் இருக்கப் பச்சை வலை போட்டு மூடினார்கள். ஓவியப் பெண் சுவரைக் கட்டம் கட்டமாகப் பிரித்தாள். ஒவ்வொரு கட்டத்தையும் ஒருவர் தீட்டலாம். சாரத்தில் நிற்கிறவனுக்கு மூக்கருகே சுவர். தான் தீட்டுவது கன்னமா சேலையா என்றுகூடத் தெரியாது. எட்டி நின்று பார்க்க இடமில்லை, வெளியிலிருந்து பார்க்க வலை விடாது. முழு முகத்தை ஓவியப் பெண்ணைத் தவிர யாரும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வலையை இறக்கித் திறப்பு விழா, பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வருகிறார்கள் என்று அக்கா ஏற்பாடு செய்துவிட்டார்.

வியாழக்கிழமை காற்றில் வலையின் ஒரு மூலை கிழிந்தது. தைக்கப் போன பல்லியண்ணன், கிழிசல் வழியாக நேரெதிரே இருந்த ஜன்னலைப் பார்த்துவிட்டார். மடிப்புத் தங்கச்சியின் அறை. கட்டிலில் பை ஒன்று வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவள் துணிகளை மடித்து மடித்து அதில் வைத்துக்கொண்டிருந்தாள், லாண்டரியில் மடிக்கிற அதே வேகத்தில். மகள் மறுபக்கம் நின்று அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள். அம்மா வைக்க, மகள் எடுக்க, பை நிறையவே இல்லை.

பல்லியண்ணன் கண்ணைச் சுவருக்குத் திருப்பினார். திரும்பவும் பார்த்தார். கையிலிருந்த ஊசி கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

அன்று வீட்டில் அவர் நடந்த நடைக்கு மனைவி கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார். விடிந்ததும் லாண்டரிக்குப் போனார். நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்த பின்னறையில் மடிப்புத் தங்கச்சி தனியாக நின்றிருந்தாள். பல்லியண்ணன் ஒரு விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கேயாவது கிளம்பறியா, தங்கச்சி?"

அவள் கை நின்றது. "ஜன்னலைப் பார்த்தீங்களா, அண்ணே?"

"பார்த்துட்டேன். தப்புதான்."

"நேரா பிடிங்க, கோணுது." இரண்டு எட்டு முன்னால் வந்து முனைகளைச் சேர்த்தாள். "சாரத்தை ஞாயித்துக்கிழமைதானே பிரிப்பீங்க?"

"ஆமா."

"நாங்க சனிக்கிழமை சாயங்காலம் போயிடறோம்."

அவர் அடுத்த விரிப்பை எடுத்தார். என்ன கேட்பது என்று தெரியாதபோது கைக்கு ஏதாவது வேலை வேண்டும் அவருக்கு. அவள் தானாகவே சொன்னாள். போரிலிருந்து தப்பியது ஒரு பாதி. மறுபாதி, கணவனிடமிருந்து தப்பியது. அவனும் கடல் தாண்டி வந்துவிட்டான், தேடிக்கொண்டிருக்கிறான். இதற்கு முன் இருந்த ஊரில், மகளுடைய பள்ளி விழாவில் யாரோ எடுத்த படம் ஃபோன் ஃபோனாகப் போய் அவனிடம் சேர்ந்தது. வாரம் முடிவதற்குள் வாசலில் வந்து நின்றான்.

"அப்போ போலீஸ் வந்தாங்க. அதனால உயிரோட இருக்கேன்."

"இதை ஏன் தங்கச்சி அன்னைக்கே சொல்லல?"

"உள்ளங்கை அளவுக்குத்தானே காட்டினாங்க? நிறைய முகத்துல ஒண்ணுன்னு நினைச்சேன். சாரத்துல ஏறிப் போய்ப் பார்த்தப்போ ஒரு கண்ணே என் உசரத்துக்கு இருக்கு."

"பார்த்த உடனே சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்ட? படுக்கக் கட்டில் குடுத்தாங்க, வேலை வாங்கிக் குடுத்தாங்க, பொண்ணைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தாங்க. எதையும் திருப்பிக் கேட்கல. கேட்டது இது ஒண்ணுதான். இதையும் முடியாதுன்னு சொல்லச் சொல்றீங்களா?" விரிப்பை அடுக்கின் மேல் வைத்துத் தட்டினாள். "படம் மோசமா இருந்தாலாவது சொல்லியிருப்பேன். பார்த்த வரைக்கும் ரொம்ப நல்லா இருக்கு, அண்ணே. அதுதான் பிரச்சனை."

"நான் அக்காகிட்ட..."

"வேண்டாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க. ஒருத்தருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்சிடும். சத்தமில்லாம போயிட்டா யாருக்கும் சங்கடமில்ல."

"என் வாயிலிருந்து வராது" என்றார் பல்லியண்ணன். மனசாரத்தான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாலை விழாவைப் பற்றிப் பேசக் கூடத்தில் கூட்டம். கூடம் நிறைந்திருந்தது. மடிப்புத் தங்கச்சி கடைசி வரிசையில் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எதுவுமே நடக்காதது போல. பல்லியண்ணன் கூடத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். எந்த நாற்காலியும் ஆடவில்லை. எல்லாவற்றையும் ஏற்கெனவே சரி பண்ணியாயிற்று. கை அரித்தது.

அக்கா எழுந்து நின்று ஒவ்வொருவருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தார். யார் டீ, யார் பெஞ்ச், யார் மைக். பிறகு சொன்னார்: "வலை இறங்கின உடனே நம்ம மடிப்புத் தங்கச்சி படத்துக்குக் கீழே நிக்கணும். மேல அவ முகம், கீழே அவ. பத்திரிகைக்காரர் அப்படித்தான் கேட்டிருக்கார். என்ன, தங்கச்சி?"

மறுபடியும் கைகள் தட்டத் தூக்கப்பட்டன.

"நிறுத்துங்க!" என்றார் பல்லியண்ணன்.

"ச்ச், ச்ச்" என்றது ஒரு குரல், பழக்க தோஷத்தில். சிரிப்பு எழும்பியது.

"சிரிக்காதீங்க! அவளை அவ புருஷன் தேடிட்டு இருக்கான், தெரியுமா உங்களுக்கு? படம் வெளியே போச்சுன்னா வந்து நிப்பான். கொல்ல வந்தவன் அவன். நாளைக்குச் சாயங்காலம் ஓடிப் போகப் பையைக் கட்டி வச்சிருக்கா. நம்மகிட்ட இருந்து ஓடறா, நம்மகிட்ட இருந்து!"

எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின. அந்தத் தலைகள் திரும்பிய பிறகுதான் பல்லியண்ணனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்பது உறைத்தது. மடிப்புத் தங்கச்சி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். எழுந்தாள், மகளின் கையைப் பிடித்தாள், யார் காலையும் மிதிக்காமல் வரிசையிலிருந்து வெளியேறிப் போய்விட்டாள்.

"டேய்" என்றார் அக்கா, மெல்ல. வார்டில் பெரிய தவறு நடந்தால் வருகிற குரல். "இதைச் சொல்றேன்னு அவகிட்ட கேட்டியா?"

"நீ கேட்டியா? கையைத் தட்டிட்டுத்தானே கேட்டே?"

"சரி. நான் கையைத் தட்டினேன், நீ வாயைத் திறந்தே. ரெண்டு பேரும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்கன்னு ஊருக்குக் காட்டிட்டோம்." அக்கா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். அக்கா அப்படி உட்கார்ந்து பல்லியண்ணன் பார்த்ததே இல்லை.

"சுவரையே வெள்ளையடிச்சிடலாம்" என்றார் ஒருவர். "வேற முகம் போடுங்க" என்றார் இன்னொருவர். "யாரு முகம்? உன்னோடதா? தெருவுல குழந்தைங்க நடமாட வேண்டாமா?" ஆளாளுக்குப் பேசினார்கள். ஓவியப் பெண் மட்டும் தன் சின்னக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரக்கணக்கில் உழைத்தவள். கண் கலங்கியிருந்தது. பிறகு காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

"யாரும் அவங்க வீட்டுக்குப் போகாதீங்க. நான் மட்டும் போறேன். ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல, கேட்கத்தான் போறேன்."

சனிக்கிழமை காலை பல்லியண்ணன் முதலாளிக்கு ஃபோன் போட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றிருந்ததை மாற்றி, குழாய்கள் அன்று மத்தியானமே வேறு இடத்துக்குப் போயாக வேண்டும் என்று முதலாளி முந்தின இரவு சொல்லியிருந்தார்.

"ஒரு கிளாம்பு மாட்டிக்கிச்சு முதலாளி. துருப்பிடிச்சுப் போயி கழல மாட்டேங்குது. ஞாயித்துக்கிழமைதான் முடியும்."

"உன் சாரத்துல கிளாம்பு மாட்டிக்கிச்சா? எவன்கிட்டடா கதை விடறே?" முதலாளி நாட்காட்டியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமை மத்தியானம் லாரி வரும். அதுக்குள்ள துரு போயிடணும்."

மேல் பலகையில் ஏறி நின்றார். நேற்று ஓவியப் பெண் போனதும் தெரியும், வெகுநேரம் கழித்துத் திரும்பியதும் தெரியும். என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. எதிர் ஜன்னலில் விளக்கு எரிகிறதா, பை இன்னும் கட்டிலில் இருக்கிறதா, திரும்பினால் தெரிந்துவிடும். திரும்பவில்லை. திரும்பாமல் இருப்பது சும்மா இருக்கிற காரியமில்லை, கழுத்து வலித்தது. பிடிகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார், இறுகியிருந்ததையே மறுபடியும் இறுக்கினார். போயிருப்பாளோ? விடியற்காலைப் பேருந்து ஒன்று இருக்கிறதே. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் வாயை அடக்கியிருந்தால்...

ஏணி அதிர்ந்தது. ஓவியப் பெண் வண்ண டப்பாக்களோடு ஏறி வந்தாள். தூங்காத கண்கள்.

"பல்லியண்ணா, உங்கக்கா எங்கே? அவங்க மூக்கு வேணும்."

"என்னது?"

"முகத்தை அழிக்கப் போறதில்ல, மாத்தப் போறோம். உங்கக்காவோட மூக்கு. உங்க வீட்டம்மாவோட கண்ணு. லாண்டரிக்காரரோட புருவம். கதவுத் தாத்தாவோட நெத்தி. எதை யார்கிட்ட வாங்கணும்னு மடிப்புத் தங்கச்சியே சொல்லிட்டாங்க. நேத்து அந்தக் கூடத்துல இருந்த அத்தனை பேருக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு, இனிமே யார் வாயைக் கட்ட முடியும்? அதனால அத்தனை பேர்கிட்டேயும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக்கணுமாம். தன் மூக்கு மேல இருக்கிறப்போ யாரும் கீழே நின்னு இது யாருன்னு வெளியாள்கிட்ட சொல்ல மாட்டாங்களாம்."

"அப்போ அவ போகல?"

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. பார்த்துட்டு முடிவு பண்ணுவாங்க." டப்பாவைத் திறந்தாள். "உங்ககிட்ட வாயைக் கேட்டாங்க."

"என் வாயா?"

"மூடின வாய். அதை அழுத்திச் சொன்னாங்க."

பல்லியண்ணன் அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமையைத் தெரு இன்றும் சொல்லிச் சிரிக்கும். நடக்கும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அக்காவுக்கு உயரம் என்றால் உயிர் போய்விடும். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, நான்கு பேர் பின்னால் தாங்க, ஏணியில் ஏறினார். "மூக்குக்குக் கண்ணு தொறக்க வேண்டியதில்லல்ல? சீக்கிரம் வரைம்மா!" லாண்டரிக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து புருவத்தைத் தூக்கிக்கொண்டு நின்றார். பல்லியண்ணனின் மனைவி பலகையில் நிதானமாகச் சாய்ந்து உட்கார்ந்து, "இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் ஒரு நாளாவது என் கண்ணைப் பார்த்து நின்னு பேசியிருப்பாரா? இனிமே சுவத்துல பார்த்துக்கட்டும்" என்றார்.

பல்லியண்ணனின் முறை வந்தது. பெட்டி ஒன்றைப் போட்டு உட்காரச் சொன்னாள் ஓவியப் பெண். உட்கார்ந்தார். கால் துள்ளியது. "அசையாதீங்க." விரல்கள் தொடையில் தாளம் போட்டன. "அண்ணா, உதடு நடுங்குது." உதட்டை அழுத்தினார். வெயில் ஏறியது, மூக்கு நுனியில் வேர்வை நின்றது, துடைக்கவில்லை. பேசாமல், எழாமல், ஒரு கிளாம்பைக்கூடத் தொடாமல், வாயை மூடிக்கொண்டு இருந்தார். நேற்று இப்படி இருந்திருந்தால் என்ற ஒரே நினைப்பு பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

மாலையில் ஓவியப் பெண் தூரிகைகளைக் கழுவினாள். மடிப்புத் தங்கச்சி வந்து பார்க்கட்டும், வலையின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிக் காட்டலாம் என்று பல்லியண்ணன் சொன்னார். ஓவியப் பெண் போய்க் கேட்டுவிட்டு வந்தாள்.

"பாதி பார்த்தா பயமாத்தான் இருக்கும்கிறாங்க. நாளைக்கு முழுசா இறக்கினதும் கீழே நின்னு பார்க்கிறாங்களாம். பத்திரிகைக்காரர் மட்டும் வரக் கூடாது."

அக்கா உடனே ஃபோனை எடுத்தார். விழா தள்ளிப்போய்விட்டது, தேதி பிறகு சொல்கிறேன் என்று கூசாமல் பொய் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மைக் இல்லை, பெஞ்ச் இல்லை. பல்லியண்ணன் மேலிருந்து பிரித்துக்கொண்டே வந்தார்: வலை, பலகை, குழாய். சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. தெருவில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நடுவில் இருந்த பெரிய முகம் ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான் சொல்ல முடியும். எங்கோ பார்த்த மாதிரியும் இருந்தது, எங்கும் பார்க்காத மாதிரியும் இருந்தது. வாய் கெட்டியாக மூடியிருந்தது.

மடிப்புத் தங்கச்சி மகளோடு தெருவின் மறுபக்கம் நின்றாள். தோளில் பை இருந்தது. பல்லியண்ணன் கடைசிப் பிடியைக் கழற்றிக்கொண்டே அதைப் பார்த்தார்.

அவள் லாண்டரிக்காரரின் அருகே போனாள். தினமும் அவள் முகத்தைப் பார்ப்பவர் அவர். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கும் வந்திருந்தவர்.

"உண்மையைச் சொல்லுங்கண்ணே. இது யாரு?"

லாண்டரிக்காரர் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். "பல்லியோட அக்கா இன்னும் கொஞ்சம் அழகா பொறந்திருந்தா இப்படி இருந்திருக்கும்."

"பின்னாடிதான் நிக்கிறேன்" என்றார் அக்கா.

மகள் கலகலவென்று சிரித்துவிட்டாள். தெருவில் அந்தக் குழந்தை சத்தமாகச் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. மடிப்புத் தங்கச்சி சிரிக்கவில்லை. அப்படியே நின்று மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். போகிற வருகிற முன்பின் தெரியாத இரண்டு பேர் அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற அவளைக் கண்டுகொள்ளாமல் கடந்து போகும் வரை காத்திருந்தாள்.

லாரி வந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார். பல்லியண்ணன் குழாய்களை ஏற்றிக்கொண்டே சுவரைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இடது காது. மூக்கு அக்காவுடையது, கண் மனைவியுடையது, வாய் தன்னுடையது. காதை யாரும் கொடுக்கவில்லை. கொஞ்சம் மடங்கினாற்போல், மேல் விளிம்பில் சின்ன வெட்டோடு, அது அவளுடைய காது. சாரம் லாரியில் கிடக்கிறது. ஏறி மாற்ற இனி வழியில்லை.

கத்தத்தான் வாயெடுத்தார். மூடிக்கொண்டார். குழாயைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து, அவள் அருகில் போய், பக்கத்தில் நிற்பவருக்குக்கூடக் கேட்காதபடி கேட்டார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"காது உன்னோடது. விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகல. அதை மட்டும் மாத்த வேண்டாம்னு நான்தான் சொன்னேன்."

"அவன் பார்த்தா?"

"காதை வச்சு அடையாளம் கண்டுபிடிக்கிற அளவுக்கு அவன் என்னை என்னைக்கு அண்ணே பார்த்திருக்கான்?"

டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தார், இந்த முறை கையை எடுக்காமல். அவள் தோளிலிருந்த பையை இறக்கினாள். மகள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வீட்டை நோக்கி ஓடினாள்.

"நாளைக்கு எனக்குக் காலை வேலையா, மத்தியான வேலையா?" என்று மடிப்புத் தங்கச்சி லாண்டரிக்காரரிடம் கேட்டது, லாரியின் பின்பலகையைத் தாவிப் பிடித்த பல்லியண்ணனின் காதில் விழுந்தது. பதில் என்னவென்று கேட்பதற்குள் லாரி திரும்பிவிட்டது.